தாமான் பாடாங்கைப் பல்லாண்டு காப்பது எப்படி? கோலாலம்பூர் குடியிருப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் பூங்கா திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் ஆண்டில் ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. புதிதாக அமைத்துக் கொடுக்கும் குத்தகையாளர் பெரும்பாலும் ஓராண்டு வரை செடிகொடிகளுக்குப் பொறுப்பாக இருப்பார். அந்தக் கெடு முடிந்ததும் புல் முழங்காலுக்கு வளரும், விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும், சறுக்குமரத்தின் அடியில் தண்ணீர் தேங்கும். கேட்டால் பணமில்லை என்பார்கள். பணம் இரண்டாவது காரணம்தான். எந்த வேலை யாருடையது, எப்போது செய்ய வேண்டியது என்று எங்கும் எழுதி வைக்காததே முதல் காரணம்.

செந்தூல், செகாம்புட், கெப்போங், பிரிக்பீல்ட்ஸ் என எங்கிருந்தாலும், வீட்டுக்கு அருகில் ஒரு பாடாங்கோ (பொதுத் திடல்) சிறுவர் விளையாட்டுத் திடலோ இருந்து, குடியிருப்பாளர் சங்கத்திலோ ருக்குன் தெத்தாங்கா எனும் அண்டைவீட்டார் அமைப்பிலோ பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1888-இல் தொடங்கிய லேக் கார்டனுக்கும், இரட்டைக் கோபுரத்தின் கீழே பிரேசில் கலைஞர் ரொபெர்த்தோ பூர்லே மார்க்ஸ் வடிவமைத்த 50 ஏக்கர் கேஎல்சிசி பூங்காவுக்கும் முழுநேர ஆட்கள் உண்டு. தாமான் எனும் குடியிருப்புப் பகுதியின் பாடாங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதல் படி: நிலம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். "முப்பது வருஷமா பிள்ளைங்க இங்கதான் விளையாடுறாங்க" என்பது நில அலுவலகத்தில் செல்லாது. கூட்டரசுப் பிரதேச நில, கனிமவள இயக்குநர் அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி நிலத்தின் பதிவைத் தேடிப் பார்க்கலாம். அதற்கு லாட் எண் வேண்டும். அது தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பட்டாவில் உள்ள எண்ணையும் வரைபடத்தையும் வைத்துப் பிடித்துவிடலாம்.

பதில் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்கீழ் பொதுப் பயன்பாட்டுக்கென அரசிதழில் ஒதுக்கப்பட்ட நிலமாக இருந்தால் நல்லது. அந்த ஒதுக்கீட்டை நீக்க நினைத்தால், 64-ஆவது பிரிவின்படி முன்கூட்டியே அறிவித்து, ஆட்சேபங்களைக் கேட்டு விசாரித்த பிறகே நீக்க முடியும். மேம்பாட்டாளர் இன்னும் ஒப்படைக்காமல் தன் பெயரிலேயே வைத்திருக்கும் நிலம் இரண்டாவது வகை. அங்கே மாநகர் மன்றத்தைத் திட்டிப் பயனில்லை, ஒப்படைக்கச் சொல்லி மேம்பாட்டாளருக்கும் மன்றத்துக்கும் ஒரே கடிதமாக எழுத வேண்டும். அடுக்குமாடி வளாகத்துக்குள் இருக்கும் திடல் மூன்றாவது. அது 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி பொதுச் சொத்து. அதன் பராமரிப்பு உங்கள் மாதக் கட்டணத்திலிருந்தும், அதில் 10 விழுக்காடாகச் சேரும் சேமநிதியிலிருந்தும் நடக்க வேண்டும்.

நான்காவது வகைதான் ஏமாற்றும்: மின்கம்பி வழித்தடம், ஆற்றோர ஒதுக்கீடு, வெள்ளநீர்த் தேக்கக் குளத்தின் கரை. பங்சாரில் உயரழுத்த மின்கம்பிகளின் கீழே 2017 முதல் வளர்ந்த கெபுன்-கெபுன் பங்சார் தோட்டம் இப்படிப்பட்ட ஒதுக்கீட்டு நிலத்தில் உருவானதுதான். இத்தகைய அரசு நிலத்துக்குத் தற்காலிகப் பயன்பாட்டு உரிமம் வாங்கலாம், ஆனால் அது அந்த ஆண்டின் டிசம்பர் 31-ஐத் தாண்டி நிற்காது. ஆண்டுக்காண்டு புதுப்பிக்க வேண்டிய நிலத்தில் மா, பலா நடுவதைவிட எடுத்துப்போகக் கூடிய தொட்டிச் செடிகளே பாதுகாப்பு.

இன்னொன்று. உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருப்பதும் அரசிதழில் ஒதுக்கப்பட்டிருப்பதும் வேறுவேறு. முதலாவது அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்கிறது, இரண்டாவது நிலத்தையே பூட்டி வைக்கிறது. பூட்டு இல்லை என்று தெரிந்தால், அரசிதழில் சேர்க்கச் சொல்லும் மனுவே உங்கள் சங்கத்தின் முதல் பராமரிப்பு வேலை.

இரண்டாம் படி: வேலைப் பங்கீட்டை ஒரு தாளில் எழுதுங்கள்

ஒரே பாடாங்கில் மூன்று நான்கு கைகள் இருக்கும். உள்ளே இருக்கும் புல், மரம், விளையாட்டுச் சாதனம் ஆகியவை டிபிகேஎல் எனப்படும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. வெளியே சாலையோரப் புல்லும் லோங்காங் எனும் வடிகாலும் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டமான 672-ஆவது சட்டத்தின்கீழ் 2011 முதல் நடக்கும் பொதுத் துப்புரவுக் குத்தகையில் வரும். அதனால்தான் வேலிக்கு இந்தப் பக்கம் புல் மொட்டையாகவும் அந்தப் பக்கம் காடாகவும் நிற்கிறது. விளக்கிலும் மாநகர் மன்றத்துடையது எது, சங்கமே போட்டது எது என்று பிரிக்க வேண்டும். யாரும் ஒப்புக்கொள்ளாத வேலைகள் கடைசியில் மிஞ்சும். மேடைக் கூரை, பெயர்ப்பலகை, தண்ணீர்க் குழாய் என்று அவற்றைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் திரட்டும்போது கைகொடுப்பது இந்தப் பட்டியல்தான்.

குத்தகை அட்டவணையை மன்ற அலுவலகத்தில் மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். மாதம் எத்தனை முறை புல் வெட்ட வேண்டும் என்று தெரியாமல் "வெட்டவே வரலை" என்று புகார் செய்வதில் பலன் இல்லை. ஒரு காலத்தில் இந்த நகரின் புல் வெட்டு, துப்புரவு, சாக்கடை வேலைகளில் நம்மவர்கள்தான் பெரும்பகுதி. இன்று வேலைக்கு வருவது பெரும்பாலும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள். அவர்களுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தால், எந்த லோங்காங் எங்கே அடைக்கிறது என்பதை அலுவலகத்துக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்வீர்கள்.

மூன்றாம் படி: நடந்து பார்த்துப் பதிவேடு போடுங்கள்

மழை பெய்து அரை மணி நேரத்தில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, ஞாயிறு மாலை ஒரு முறை என மூன்று நேரம் சுற்றுங்கள். மழைக்குப் பின் தண்ணீர் நிற்கும் இடமும், இரவில் வெளிச்சம் எட்டாத மூலையும், ஞாயிறன்று மக்கள் உண்மையில் உட்காரும் இடமும் தெரிந்துவிடும். கட்டிப் போட்ட கற்பெஞ்சு காலியாக இருக்க, தூங்குமூஞ்சி மரத்தடி வேரில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், அடுத்த பெஞ்சு எங்கே போட வேண்டும் என்பதற்கு வேறு ஆய்வு வேண்டாம்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் ஓர் எண் கொடுத்து, படத்தோடு கைப்பேசி விரிதாளில் பதிந்துகொள்ளுங்கள். பெயர், நிலை, கடைசியாகப் பழுது பார்த்த தேதி, யார் பொறுப்பு. இந்த நான்கு கட்டம் போதும். இருபது கட்டம் போட்டால் இரண்டாம் மாதமே யாரும் நிரப்ப மாட்டார்கள்.

நான்காம் படி: கோலாலம்பூர் மழைக்கேற்ற நாள்காட்டி

இங்கே மழைக்கு இரண்டு உச்சம்: மார்ச்சிலிருந்து மே வரை ஒன்று, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மற்றொன்று. ஜூன், ஜூலையில் மழை கொஞ்சம் குறையும். இந்தக் கணக்கை வைத்தே வேலைகளைப் போட வேண்டும். கிளை கழிப்பதை பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அதாவது புயல் மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கன்று நடுவது அக்டோபர். சாயம் பூசுதல், சிமெண்டுப் பூச்சு, ரப்பர்த் தரைப் பழுது எல்லாம் ஜூன், ஜூலை. புகைமூட்டம் வந்தால் அந்த வாரம் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணியைத் தள்ளி வையுங்கள், வயதானவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

ஐந்தாம் படி: மரங்கள்

இதில் அவசரப்படக் கூடாது. புல் பொய்த்தால் ஒரு மாதத்தில் திருத்தலாம், மரம் பொய்த்தால் உயிர் போகும். 2024 மே 7-இல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று விழுந்து ஒருவர் இறந்தார், பல வாகனங்கள் நசுங்கின. அதன் பிறகு நகரெங்கும் மக்கள் எந்தப் பெரிய மரத்தைக் கண்டாலும் வெட்டச் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் நிழல் தரும் மரத்தைப் பயத்தால் வெட்டுவதும் அழுகிய மரத்தைப் பாசத்தால் விட்டுவைப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பார்ப்பதை அடியிலிருந்து தொடங்குங்கள். கணுக்கால் உயரத்தில் பட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையமாகக் கீறல் தெரிகிறதா? அது பூச்சியல்ல. தோளில் மாட்டிய இயந்திரத்தில் சுழலும் நைலான் நூல், புல்லோடு சேர்த்துப் பட்டையையும் உரித்துவிடுகிறது. ஒரு தடவை பட்டால் வடு, மாதம் இருமுறை பட்டால் வளையம். இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்கும் வழி பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. வளையம் முழுதாகச் சுற்றிவிட்டால், மேலே பச்சையாக நிற்கும்போதே அடியில் வேர் பட்டினி கிடக்கும். நட்ட கன்று மூன்றாம் ஆண்டில் காரணமே தெரியாமல் பட்டுப்போனதாகச் சொல்லும் கதைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். மரத்தைச் சுற்றி அரை மீட்டருக்குப் புல்லை எடுத்துவிட்டு, காய்ந்த இலையையோ மரத்தூளையோ பரப்பினால் இயந்திரம் அருகே வரத் தேவையே இருக்காது. ஆனால் அதைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காதீர்கள். ஈரம் தங்கிப் பட்டை அழுகும். கன்றுக்குக் கட்டிய முட்டுக்கொம்பையும் ஓராண்டில் எடுத்துவிடுங்கள். அவிழ்க்க மறந்த கயிறு தண்டுக்குள் புதைந்து போவதை எந்தப் பாடாங்கிலும் பார்க்கலாம்.

அடுத்தது காளான். அடிமரத்திலோ வெளியே தெரியும் வேரிலோ, மரத்தட்டு போலக் கெட்டியாக, ஓரம் வெளுத்த பழுப்புக் காளான் இருந்தால் அது பெரும்பாலும் கனோடெர்மா. உள்ளே வேர் அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை உதைத்து உடைத்தெறிபவர்கள் உண்டு, நோய் போகாது, அடையாளம்தான் போகும். படம் எடுத்து உடனே புகார் செய்யுங்கள். புதிதாகச் சாய்ந்த தண்டு, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் புடைத்திருத்தல், இரண்டு பெருங்கிளைகள் பிரியும் கவட்டில் விரிசல் ஆகியவையும் அதே நாளில் சொல்ல வேண்டியவை. அங்சானா மரங்களை நகரெங்கும் விரும்பி நட்டார்கள், பெரிய கிளையை நட்டாலே வேர்விடும். ஆனால் காற்றில் கிளை முறியும் மரம் அது. வாகன நிறுத்தத்தின் மேல் தாழ்ந்து நிற்கும் அங்சானாவைப் பட்டியலில் முதலில் வையுங்கள்.

கிளை கழிப்பதில் ஒரு விதி: மொட்டைத் தலையாக வெட்ட விடாதீர்கள். மேலே வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கும் குச்சிகள் வெறும் பட்டையில் ஒட்டியவை, நான்கைந்து ஆண்டில் அவைதான் முதலில் முறியும். ஒரு தடவையில் இலைக்கவிகையின் கால்பங்குக்கு மேல் எடுக்கவும் கூடாது. பெரிய கிளையை முதலில் அடியில் பாதி, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து, கடைசியாகக் கிளை தண்டோடு சேரும் கழுத்தருகே என மூன்று வெட்டில் இறக்க வேண்டும். ஒரே வெட்டில் இறக்கினால் கிளை கீழே போகும்போது தண்டின் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும். இதெல்லாம் தெரிந்தவர் செய்கிறாரா என்று பார்க்க, பயிற்சி பெற்ற ஆர்பரிஸ்ட் எனும் மரப் பராமரிப்பு நிபுணர் ஒருவரையாவது ஆண்டுக்கு ஒரு முறை அழைத்து வாருங்கள். சங்க நிதியில் அது வீண் செலவல்ல.

சட்டம் பற்றி ஓர் எச்சரிக்கை. பினாங்கில் இருக்கும் உறவினர் அனுப்பிய கடித மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி டிபிகேஎல்-க்கு அனுப்பிவிடாதீர்கள். 80 செண்டிமீட்டர் சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தை அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பது 172-ஆவது சட்டமான நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 35எச் பிரிவு. அது பினாங்குக்குப் பொருந்தும். கோலாலம்பூருக்கு 1982-ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச திட்டமிடல் சட்டம், 267-ஆவது சட்டம், தனியாக இருக்கிறது. தவறான சட்ட எண்ணோடு வரும் கடிதத்தை ஒதுக்கி வைக்க அதிகாரிக்கு ஒரு நொடி போதும்.

ஆறாம் படி: விளையாட்டுச் சாதனம்

ஊஞ்சல் சங்கிலி மேலே தொங்கும் எஸ் வடிவக் கொக்கியை விரலால் தடவிப் பாருங்கள். உள்வளைவில் உலோகம் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அன்றே ஊஞ்சலைக் கழற்றி வையுங்கள். "உடைந்துள்ளது" என்று அட்டை தொங்கவிட்டால் பிள்ளைகள் அதற்காகவே ஏறுவார்கள். திருகாணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, தலை நுழைந்து உடம்பு நுழையாத இடுக்கு இருக்கிறதா, ரப்பர்த் தரை ஓரம் பெயர்ந்திருக்கிறதா என்பதை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். மேற்கு பார்த்த உலோகச் சறுக்குமரம் மாலை நான்கு மணிக்குத் தொடையைச் சுடும். அதற்கு நிழல் மரம் நடுவதே மலிவான வழி.

தனியார் நிறுவனம் ஒன்று புதுச் சாதனம் நன்கொடை தர முன்வந்தால் மலேசியத் தரமான எம்எஸ் 966-க்கு உட்பட்டதா என்று கேளுங்கள். அதோடு ஐந்தாண்டு உதிரிபாகச் செலவையும் கேளுங்கள். முகஞ்சுளித்தால் சிறிய சாதனமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: தண்ணீரும் கொசுவும்

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் சுற்றினால் போதும், அதற்கு மேல் தள்ளினால் சுற்றியும் பயனில்லை. லோங்காங் மூடியின் கீழ்க்குழி, உடைந்த பூத்தொட்டி, வெட்டிய மூங்கிலின் உள்துளை, மேடைக் கூரையின் தொய்ந்த தார்ப்பாய் ஆகியவற்றைப் பாருங்கள். ஓடும் சாக்கடையைவிடத் தெளிந்து நிற்கும் தண்ணீரே ஆபத்து. பாடாங்கில் மழைநீர் ஓரிரு மணி நேரம் நிற்பது குற்றமல்ல, பல இடங்களில் அது வெள்ளத்தைத் தாங்கும் வேலையையே செய்கிறது. மறுநாளும் நின்றால்தான் மண் இறுகிவிட்டது என்று அர்த்தம். கம்பியால் குத்தித் துளையிட்டு மணல் பரப்பினால் புல்லும் மீளும்.

எட்டாம் படி: மனிதர்கள்

காலை ஆறரைக்கு நடைப்பயிற்சி அம்மாக்கள், மாலை ஐந்துக்குப் பந்து, ஏழுக்குச் சிலம்பம், இடையில் யாரோ ஒலிபெருக்கியோடு ஸும்பா. சண்டை வருவது இடத்துக்காக இல்லை, நேரத்துக்காக. மூன்று மொழியில் ஒரு நேர அட்டவணை ஒட்டுங்கள், பக்கத்துக் கோயில் திருவிழா நாட்களையும் பள்ளிவாசல் தொழுகை நேரத்தையும் அதில் குறியுங்கள். திருவிழா முடிந்த இரவே குப்பையை அள்ள வேண்டியது கோயில் நிர்வாகம் என்பதை முன்கூட்டியே தலைவரிடம் பேசிவிடுங்கள். தேதி குறித்த பிறகு பேசினால் அது மனத்தாங்கலாகும்.

மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்க வாசலில் வளைந்து வளைந்து போடும் இரும்புத் தடுப்பைப் பற்றி என் கருத்து கடுமையானது. அது மோட்டார் சைக்கிளை அரைகுறையாகத் தடுக்கும், சக்கர நாற்காலியை முழுதாகத் தடுக்கும். பொது வசதிகளை அடையும் உரிமை மாற்றுத் திறனாளிகளுக்கு உண்டு என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஒரு வாசலையாவது அகலமாக விட்டு, அங்கே வெளிச்சம் போடுங்கள்.

ஒன்பதாம் படி: புகார், பணம், கோப்பு

டிபிகேஎல்-இன் 'அடு@கேஎல்' புகார்த் தளத்தின் வழி செய்யும் புகாரில் "பாடாங் மோசம்" என்று எழுதாதீர்கள். ஜாலான் பெயர், அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண், எந்தச் சாதனம், என்ன பழுது, ஒரு தூரப் படம், ஒரு கிட்டப் படம், இவற்றை மலாயில் மூன்று வரியில் எழுதுங்கள். ஒரு புகாருக்கு ஒரு பழுது. கிடைக்கும் புகார் எண்ணைப் பதிவேட்டில் அதே சாதனத்தின் எதிரே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதிகாரியைச் சந்திக்கும்போது பேசப்போவது அந்த எண்கள்தான்.

சங்கம் முறையாகப் பதிவாகியிருந்தால்தான் வங்கிக் கணக்கும் ஒப்பந்தமும் சாத்தியம். சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையை ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். கோப்பு செயலாளரின் சொந்தக் கணினியில் இருந்தால், அவர் ஷா ஆலாமுக்கு வீடு மாறும் நாளில் பாடாங்கின் வரலாறும் மாறிப் போய்விடும். சங்கத்தின் பொது இணையக் கணக்கில் ஒரு படி, அச்சில் ஒரு படி வையுங்கள்.

பத்தாம் படி: அறிவிப்புப் பலகை முளைத்தால்

ஒரு காலை பாடாங் ஓரத்தில் மேம்பாட்டு அறிவிப்புப் பலகை நிற்கும். அன்றே அதைப் படம் எடுங்கள். லாட் எண்ணையும் ஆட்சேபக் கெடுவையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்சேபத்தை ஒவ்வொரு வீடும் தனித்தனியாக எழுத்தில் கொடுக்க வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் கோபப்படுவது ஆட்சேபமாகாது. 2023-இல் நடப்புக்கு வந்த கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2040-ஐயும், 2025-இல் நடப்புக்கு வந்த உள்ளூர்த் திட்டத்தையும் திறந்து அந்த லாட் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தால், நீதிமன்ற மறுஆய்வுக்கு மூன்று மாதமே அவகாசம். வழக்கறிஞரைத் தேடுவதிலேயே இரண்டு மாதம் போய்விடும்.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் உயர்மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டத்தை எதிர்த்து 2017-இல் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021 ஜனவரியில் மேல்முறையீட்டில் வென்று, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். கட்டமைப்புத் திட்டம் சட்டப்படி மதிக்க வேண்டிய ஆவணம், மாநகர் தலைவரான டத்தோ பண்டார் அதை நினைத்தபடி ஒதுக்கிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டிய பகுதி. ஆனால் அந்த வழக்கில் இன்னொரு தரப்பும் இருந்தது. புக்கிட் கியாரா ரப்பர்த் தோட்டம் கையகப்படுத்தப்பட்டபோது அங்கு வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பூங்கா ஓரத்து ருமா பாஞ்சாங் எனும் நீண்ட வரிசை வீடுகளுக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டன. பல பத்தாண்டுகள் கழித்து, அவர்களுக்கான நிரந்தர வீடும் பூங்காவில் எழவிருந்த உயர்மாடித் திட்டமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுவிட்டன. பூங்காவை எதிர்த்தால்தான் வீடு, வீட்டை எதிர்த்தால்தான் பூங்கா என்ற நிலை.

இப்படி ஒரு முடிச்சு உங்கள் இடத்திலும் விழலாம்: அங்காடிக் கடைக்காரர்கள், சிறு கோயில், ஓரத்தில் குடியிருக்கும் குடும்பங்கள். ஆட்சேபக் கடிதத்தை எழுதும் முன் அவர்களோடு உட்கார்ந்து, அவர்களுக்குரிய மாற்று இடக் கோரிக்கையையும் அதே கடிதத்தில் தனிப் பத்தியாகச் சேருங்கள். அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள்.